பொட்டலத்தில் மணக்கும், கோப்பையில்?

டிசம்பர் 26 – கல்லாறு, பர்லியாறு

நீலகிரி மலையில் விற்கும் மணத் தேயிலைகளைச் சுவைத்துப் பார்க்கக் கிளம்பிய பயணம் இது. அரையாண்டு விடுமுறையும் கிறிஸ்துமஸும் சேர்ந்துகொண்டதில் கல்லாறு சோதனைச் சாவடியிலேயே வண்டிகள் வரிசைகட்டி நின்றுவிட்டன. மலைக்குள் நுழைவதற்கான இ-பாஸைப் பார்க்கிறார்கள். அதைவிடக் கறாராகப் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைத் தேடுகிறார்கள். மலையேறும்போது எவர்சில்வர் பாட்டிலோடு ஒரு எவர்சில்வர் பிளாஸ்க்கும் இருந்தால் நல்லது. தண்ணீருக்காக மட்டுமில்லை. விடுதி அறையின் மின் கெட்டிலில் முந்தைய ஆள் எதைப் போட்டுக் காய்ச்சினார் என்பது யாருக்கும் தெரியாது. நூடுல்ஸ் வாசம் ஏறிய கெட்டிலில் எந்தத் தேயிலையும் எடுபடாது.

மசாலா டீ இந்தப் பயணத்தில் பர்லியாற்றில் தொடங்குகிறது. கல்லாறு, பர்லியாறு அரசுத் தோட்டக்கலைப் பண்ணைகளில் கிராம்பும் சாதிக்காயும் விளைகின்றன. சாலையோரக் கடைகளிலும் அவை கிடைக்கும். ஒரு கடைக்கார அம்மா கிராம்பை நீட்டி, "நகத்துல கிள்ளிப் பாருங்க கண்ணு, எண்ணெய் கசியலைன்னா வாங்கவே வேண்டாம்" என்றார். அது சரியான சோதனைதான். இன்னொன்றும் உண்டு: கிராம்பைத் தண்ணீரில் போட்டால் நல்லது அமிழும், அல்லது தலை மேலே இருக்க நட்டுக்குத்தலாக நிற்கும். ஏற்கெனவே எண்ணெய் எடுத்த சக்கை படுத்தபடி மிதக்கும். பட்டையில் தடித்து ஒற்றைச் சுருளாக இருப்பது காசியா. காகிதம்போல மெல்லிய அடுக்குகள் சுருட்டினாற்போல் இருப்பதுதான் கறுவா. டீக்கு இரண்டாவது. முதலாவது பிரியாணிக்குப் போகட்டும்.

குரங்குகள் உண்டு. ஏலக்காய்ப் பொட்டலத்தைக் கையில் தூக்கிப் பிடித்தபடி படம் எடுக்க வேண்டாம்.

டிசம்பர் 27 – குன்னூர்

மாலை நாலு மணிக்கே மூடுபனி இறங்கி, மவுண்ட் ரோட்டில் வண்டிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன. கடைகளில் சீரியல் பல்பும் கிறிஸ்துமஸ் நட்சத்திரமும். தேயிலை விற்கும் கடை ஒவ்வொன்றிலும் ஒரே காட்சிதான்: முன்வரிசையில் சாக்லேட் டீ, ஏலக்காய் டீ, இஞ்சி டீ, மசாலா டீ, வெனிலா, மாம்பழம், ஸ்ட்ராபெரி. நடுவில் பச்சைத் தேயிலை வகைகள். எல்லாவற்றுக்கும் பின்னால், கேட்டால் மட்டும் எடுத்துத் தரும் டப்பாக்களில் மணம் எதுவும் சேர்க்காத ஆர்த்தடாக்ஸ் இலை, அதாவது பழைய முறையில் உருட்டிப் பதப்படுத்திய இலை. முன்வரிசை 100 கிராம் 80 ரூபாயிலிருந்து 150 வரை, பின்வரிசை 300க்கு மேல்.

விற்பனைப் பையன் டப்பாவைத் திறந்து மூக்கருகே நீட்டுகிறான். இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். உலர்ந்த இலையில் எழும் மணம், தெளித்த எண்ணெயின் மணமாகவும் இருக்கலாம், தேயிலையினுடையதாகவும் இருக்கலாம். மூக்கு அதைப் பிரித்துச் சொல்லாது, வெந்நீர் சொல்லும். "ஒரு கிளாஸ் போட்டுக் காட்டுங்க" என்று கேட்டால் பாதிக் கடைகளில் முகம் சுளிக்காமல் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு கடையில் சர்க்கரையும் பாலும் சேர்த்தே கொடுத்தார்கள். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

பொட்டலத்தின் பின்பக்கத்தையும் படிக்க வேண்டும். மணம் சேர்த்த தேயிலை என்றால் அதையும் என்ன மணம் என்பதையும் உறையில் அச்சிட்டாக வேண்டும். வெறுமனே "ஸ்பெஷல்" என்று போட்ட உறைகளைத் திரும்ப அடுக்கில் வைப்பதே உத்தமம்.

டிசம்பர் 28 – குன்னூர், சுவைக்கும் மேசை

தென்னிந்தியத் தோட்டக்காரர் சங்கமான உபாசி இருப்பது இந்த ஊரில். வாராவாரம் தேயிலை ஏலம் நடப்பதும் இங்கேதான். அதனால் சுவைப்பதை வேலையாகச் செய்கிறவர்களும் இங்கே நிறைய. அவர்களுடைய முறையை விடுதி மேசையிலேயே செய்து பார்க்கலாம். ஐஎஸ்ஓ 3103 என்ற உலகத் தர முறையின் கணக்கு எளிது: 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் இலை, கொதித்த தண்ணீர், மூடிய பாத்திரம், 6 நிமிடம். குடிக்க நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக வைத்த கணக்கு இல்லை இது. குறையை வெளியே கொண்டுவருவதற்காக வேண்டுமென்றே கடுமையாக வைத்தது. நகை எடை பார்க்கும் சின்னத் தராசு இருந்தால் போதும். கரண்டிக் கணக்கு உதவாது. சிடிசி டஸ்ட், அதாவது இயந்திரத்தில் நசுக்கிச் செய்த பொடித் தேயிலை, ஒரு கரண்டி எடுக்கும் எடையும் முழு இலை ஒரு கரண்டி எடுக்கும் எடையும் ஒன்றில்லை, டஸ்ட் ஏறக்குறைய இரண்டு மடங்கு கனக்கும்.

வரிசைதான் முக்கியம். வெள்ளைத் தேயிலை, பச்சைத் தேயிலை, மணம் சேர்க்காத கறுப்பு, பிறகு மல்லிகை, பெர்கமாட் (எலுமிச்சை இனப் பழத்தின் மணம்), எலுமிச்சம்புல், அதற்குப்பின் ஏலக்காய், சாக்லேட், கடைசியில் மசாலாவும் புதினாவும். புதினாவை நடுவில் வைத்தால் அதற்குப்பின் வரும் மூன்று கோப்பைக்கும் நாக்கு செத்துப்போயிருக்கும். இடையிடையே வெதுவெதுப்பான தண்ணீர். வர்க்கி (இந்த மலையின் மொறுமொறு அடுக்கு பிஸ்கட்) வேண்டாம். ஊட்டி வர்க்கிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததில் மகிழ்ச்சியே, ஆனால் அதன் கொழுப்பு நாக்கில் படலமாகப் படிந்து தேநீரின் துவர்ப்பை மறைத்துவிடும். எல்லாம் முடிந்த பிறகு சூடான பால் டீயில் தோய்த்துச் சாப்பிடத்தான் வர்க்கி.

கோப்பையைச் சோப்புப் போட்டுக் கழுவக் கூடாது, வெந்நீரில் அலசினால் போதும். ஏலக்காய்க்கு ஒரு கோப்பை, மசாலாவுக்கு ஒரு கோப்பை என்று ஒதுக்கிவிட வேண்டும். உறிஞ்சும்போது சத்தம் வர வேண்டும்: கரண்டியில் எடுத்து, காற்றோடு சேர்த்து சர்ரென்று இழுத்தால்தான் திரவம் தூவலாகி அண்ணத்தின் பின்பக்கம் வழியாக மூக்குக்கு ஏறும். அக்கம்பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

சுவைத்த வகைகளில் தேறியவை எவை என்று கேட்டால், இரண்டாம் ஊற்றில் தேறியவைதான். முதல் வெந்நீரை வடித்துவிட்டு அதே இலையில் மறுபடி வெந்நீர் ஊற்றி 4 நிமிடம் வைத்தால், மேலே தெளித்த மணம் முதல் ஆவியோடு போயிருக்கும். மாம்பழமும் ஸ்ட்ராபெரியும் இரண்டாம் ஊற்றில் வெறும் கலங்கிய தேநீர்தான். நிஜ ஏலக்காய்த் துண்டுகள் கிடந்த பொட்டலம் இரண்டாம் ஊற்றிலும் மணத்தது. ஏலக்காய் என்று விற்ற இன்னொரு பொட்டலத்தில் ஒரு தோல்கூட இல்லை. அதன் முதல் கோப்பை மற்றதைவிடத் தூக்கலாக இருந்தது, இரண்டாவதில் ஒன்றுமில்லை.

சாக்லேட் டீ தனி விவகாரம். மூக்கு இனிப்பை எதிர்பார்க்கிறது, நாக்கில் துவர்ப்பு இறங்குகிறது. பால் சேர்க்காமல் குடித்தவர்கள் எல்லோரும் முதல் வாயில் முகத்தைச் சுளித்தார்கள். 100 மில்லி பாலும் கொஞ்சம் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்தால் குழந்தைகள் விரும்பிக் குடிப்பார்கள். கொக்கோத் தூள் கலந்த வகையென்றால் ஒவ்வொரு முறையும் பொட்டலத்தைக் குலுக்கிவிட்டு எடுக்க வேண்டும். நயமான தூள் அடியில் தங்கிவிடும். மசாலா டீக்கும் இதே கதை: மேலே எடுத்த கரண்டி சப்பென்று இருக்கும், மாசக் கடைசியில் அடிப்பொட்டலம் முழுக்கச் சுக்கு, தொண்டை எரியும்.

டிசம்பர் 29 – கோத்தகிரி

காலையில் நல்ல வெயில். மார்கழியில் மலையில் வெயில் அடித்தால் அன்று இரவு பனி கொட்டும் என்பது இங்கே சின்னப்பிள்ளைகளுக்கும் தெரிந்த கணக்கு. மேகம் இல்லாத இரவில் தரையின் சூடு போர்வையில்லாமல் வானத்துக்குப் போய்விடுகிறது.

படகர் ஊர்களில் ஹெத்தை அம்மன் பண்டிகைக்கான ஏற்பாடுகள் நடக்கின்றன. கோத்தகிரியை அடுத்த பேரகணியில் பண்டிகையின்போது வெள்ளை உடுத்திய கூட்டம் சாலையை நிறைக்கும். இந்த ஊர்களில் பெரும்பாலான வீடுகளுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் தேயிலை உண்டு. கொழுந்தைப் பறித்துத் தொழிற்சாலைக்கு எடை போட்டுக் கொடுப்பார்கள். பச்சை இலைக்குக் கட்டுபடியாகும் விலை வேண்டும் என்று இவர்கள் பல வருடங்களாகப் போராடி வருகிறார்கள். கடையில் மணம் தெளித்த 100 கிராம் பொட்டலத்தைப் பார்க்கும்போது இதுவும் நினைவில் இருக்கட்டும்: நாலு கிலோ சொச்சம் பச்சைக் கொழுந்து சேர்ந்தால்தான் ஒரு கிலோ தேயிலை.

பேருந்து நிலையத்தருகே ஒரு டீக்கடையில் எலுமிச்சம்புல் போட்ட பால் டீ, 20 ரூபாய். சுற்றுலாப் பொட்டலங்கள் அத்தனையையும் இந்த ஒரு கிளாஸ் அடித்துவிட்டது. மாஸ்டரிடம் கேட்டதற்கு மறைக்காமல் செய்தே காட்டினார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு சாண் நீளப் புல் நாலைந்து. பச்சையாக இருக்க வேண்டும். அம்மிக்கல்லால் ஒரு தட்டு தட்டி, முடிச்சுப் போட்டு, தண்ணீரோடு சேர்த்தே அடுப்பில் வைக்கிறார். 5 நிமிடம் கொதித்த பிறகு டீத்தூள், அதன் பிறகு பால். "எலுமிச்சங்காய் பிழிஞ்சா பால் திரிஞ்சுருங்ண்ணா, புல்லு திரிக்காது" என்றார். காரணம் எளிது: புல்லில் இருப்பது சிட்ரால் என்ற வாசனை எண்ணெய், புளிப்பு இல்லை. எலுமிச்சை மணமும் பாலும் ஒரே கிளாஸில் வேண்டுமென்றால் இதுதான் வழி. வைக்கோல் நிறத்துக்குக் காய்ந்த புல்துண்டுகள் போட்ட பொட்டலங்களை வாங்க வேண்டாம். நிறம் போனபோதே எண்ணெயும் போயிருக்கும்.

இஞ்சி டீ திரிவதற்கும் அதே மாஸ்டரிடம் பதில் இருந்தது. பச்சை இஞ்சியில் புரதத்தை உடைக்கும் நொதி ஒன்று உண்டு. வெதுவெதுப்பான பாலில் இஞ்சியைத் தட்டிப் போட்டால் அது வேலையைக் காட்டிவிடும். முதலில் தண்ணீரில் போட்டு 3 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டால் நொதி செத்துவிடும். பிறகு கொதிக்கும் பாலை ஊற்றினால் திரியாது. சுக்கில் இந்தத் தொல்லை குறைவு.

டிசம்பர் 30 – ஊட்டி

வழியில் கேத்தி. நீலகிரியில் தேயிலையை 1835இல் நட்டுப் பார்த்தது இந்தப் பள்ளத்தாக்கின் சோதனைப் பண்ணையில்தான். இப்போது கேரட்டும் பீட்ரூட்டும் தெரிகின்றன.

குன்னூரில் அளந்து போட்ட அதே இலை, அதே தராசு, அதே 6 நிமிடம், ஊட்டியில் இளைத்துப்போனது. இலையின் குற்றமில்லை. குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம், ஊட்டி 2,240. 300 மீட்டர் ஏறினால் தண்ணீரின் கொதிநிலை ஏறத்தாழ ஒரு டிகிரி இறங்கும். ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே தளதளவென்று கொதித்துவிடுகிறது. எவ்வளவு நேரம் அடுப்பில் வைத்தாலும் அதற்குமேல் ஏறாது. கறுப்புத் தேயிலைக்கு, 100க்குக் குறையும் அந்த ஏழெட்டு டிகிரி தேவை. அதனால் இங்கே டீக்கடைகளில் தூளை வடிகட்டும் பையில் போட்டு வெந்நீர் ஊற்றுவதோடு விடுவதில்லை, தூளைத் தண்ணீரோடு சேர்த்து நேரடியாகக் கொதிக்க வைக்கிறார்கள். விடுதியில் செய்வதானால் 2 கிராமுக்குப் பதில் இரண்டரை, 6 நிமிடத்துக்குப் பதில் 7. கிளாஸை முன்னதாகவே வெந்நீரால் சூடேற்றிவிட வேண்டும். 8 டிகிரிக் குளிரில் வெளியே வைத்த கண்ணாடி கிளாஸ் சூட்டை நொடியில் விழுங்கிவிடும்.

பச்சைத் தேயிலைக்கும் வெள்ளைத் தேயிலைக்கும் இதே உயரம் வரம். இவற்றுக்கு 75 முதல் 80 டிகிரி போதும். சமவெளியில் கொதிநீரை ஊற்றிக் கசக்கவைத்துவிட்டு "கிரீன் டீயே இப்படித்தான்" என்று முடிவுகட்டியவர்கள் நிறைய. இங்கே கொதித்த தண்ணீரை மூடியில்லாமல் மூன்று நிமிடம் வைத்துவிட்டு ஊற்றினால் சரியாக வருகிறது. பச்சைக்கு 2 நிமிடம், மொட்டு மட்டும் பறித்த வெள்ளைக்கு 5. மல்லிகை சேர்த்த பச்சைத் தேயிலையில் பூ இதழ் நிறையத் தெரிந்தால் மயங்க வேண்டாம். முறையாகச் செய்வதென்றால் மலரும் மொக்கோடு இலையை இரவு முழுக்க வைத்து மணம் ஏற்றிவிட்டுப் பூவை எடுத்துவிடுவார்கள். மிஞ்சிய இதழ் அலங்காரத்துக்கு.

சேரிங் கிராஸ் பக்கம் தேயிலைக் கடைகளில் ஒரு பெரிய பிழை கண்ணில் பட்டது. தேயிலை, சாக்லேட், நீலகிரித் தைலம் மூன்றும் ஒரே அடுக்கில். தேயிலை நன்கு உலர்ந்த பொருள், ஈரத்தையும் வாசத்தையும் பஞ்சுபோல் இழுக்கும். சில்லறையாக நிறுத்துக் கொடுக்கும் திறந்த டப்பாக்கள் அனைத்திலும் லேசாக யூகலிப்டஸ் வாடை. ஒரு கடைக்காரர் அதையே "மலைவாசம்" என்று சொல்லி விற்றுக்கொண்டிருந்தார்! அலுமினியப் பூச்சு உறையில் ஒட்டி வந்ததை மட்டுமே இந்தத் தெருவில் வாங்கலாம்.

டீ வகை வரிசையில் செம்பருத்தியும் சங்குப்பூவும் இருந்தன. இரண்டும் தேயிலைச் செடி இல்லை, ஆனாலும் பண்டிகைக் கூட்டத்தில் இவற்றுக்குத்தான் கிராக்கி. சங்குப்பூவின் நீலத்தில் எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாக மாறும். வேடிக்கை அவ்வளவே, சுவை பெரிதாக ஒன்றுமில்லை. செம்பருத்தி புளிக்கும், பால் விட்டால் திரியும்.

டிசம்பர் 31 – தலைகுந்தா

விடியற்காலை புல்வெளி உப்புக் கொட்டினாற்போல் வெளுத்திருந்தது. உறைபனியைப் பார்க்க வந்தவர்களின் கார்க் கண்ணாடிகளிலும் பனி. ஒரு வண்டிக்கடையில் இஞ்சி டீ 25 ரூபாய். யாரும் விலை பேசவில்லை, பேசும் நிலையில் யாருடைய பல்லும் இல்லை.

நீலகிரியின் ஃப்ராஸ்ட் டீ இந்தக் குளிரின் வரவு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இரவில் கடுங்குளிர், பகலில் வறண்ட வெயில். செடி மெதுவாக வளர்கிறது. அந்தக் கொழுந்தில் மணப்பொருள்கள் செறிந்திருக்கும். உறைபனியே நேராக விழுந்த கொழுந்து கருகிவிடும், அது எதற்கும் ஆகாது. பனிக்கு அருகில் போய்த் தப்பிய கொழுந்துதான் சரக்கு. 100 கிராம் 450 ரூபாய் கொடுத்து வாங்கியதில் எந்தப் பூவும் எண்ணெயும் சேரவில்லை, ஆனால் முதல் உறிஞ்சலில் பூ மணம், இரண்டாம் ஊற்றிலும் அதே மணம். பால் ஊற்றினால் 450 ரூபாயும் போச்சு. ஆறிய பிறகு லேசாகக் கலங்கினால் பழசாகிவிட்டது என்று கொட்ட வேண்டாம். காஃபீனும் துவர்ப்புப் பொருள்களும் சேர்ந்து குளிரில் திரள்கின்றன. மறுபடி சூடாக்கினால் தெளிந்துவிடும். கலங்குவது நல்ல சரக்குக்கு அடையாளம் என்றே சுவைப்பவர்கள் சொல்வார்கள்.

இரவு பன்னிரண்டுக்கு ஊட்டியில் வெடிச் சத்தம். குளிருக்குப் பயந்து பெரும்பாலானோர் ஜன்னலுக்கு உள்ளேயிருந்தே கொண்டாடினார்கள்.

ஜனவரி 2 – கோயம்புத்தூர்

கீழே வந்ததும் எல்லாப் பொட்டலத்துக்கும் மறுதேர்வு. இங்கே உயரம் சுமார் 400 மீட்டர், தண்ணீர் 98 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கிறது. மலையில் இளைத்திருந்த சிடிசி மசாலா டீ எழுந்து உட்கார்ந்தது. பச்சைத் தேயிலை கசந்தது. ஆறவைக்கும் நேரத்தை மூன்றிலிருந்து ஐந்தாறு நிமிடமாக்கியதும் சரியானது.

பெரிய வித்தியாசம் தண்ணீரில்தான். ஒரே ஃப்ராஸ்ட் டீ, ஒரே எடை: சிறுவாணித் தண்ணீரில் ஒரு கோப்பை, போர்வெல் தண்ணீரில் ஒரு கோப்பை. சிறுவாணியில் தேன் நிறம், மலையில் குடித்த அதே பூ மணம். போர்வெல்லில் மங்கிய பழுப்பு, மேலே எண்ணெய் படர்ந்தாற்போல் ஒரு ஆடை, கோப்பையின் ஓரத்தில் கறை. தண்ணீரிலுள்ள சுண்ணாம்பும் தேயிலையின் துவர்ப்புப் பொருள்களும் சேர்ந்து படிவதுதான் அந்த ஆடை. கலப்படம் என்று சண்டைக்குப் போக வேண்டாம். இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் ஆடை கலைகிறது, நிறமும் வெளுக்கிறது, ஆனால் போன மணம் போனதுதான். சாக்லேட், மசாலா, ஏலக்காய்ப் பால் டீ மூன்றுக்கும் எந்தத் தண்ணீரானாலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. போர்வெல் வீட்டுக்காரர்கள் விலை உயர்ந்த இலைக்குக் காசைக் கொட்டாமல், நல்ல டஸ்டும் முழு மசாலாவும் வாங்கிக் கலந்துகொள்ளலாம். 100 கிராம் தூளுக்குச் சுக்கு 8 கிராம், ஏலக்காய் 5, கறுவா 3, கிராம்பு 2, மிளகு 1. மசாலாவை லேசாக வெயிலில் காயவைத்துக் கொரகொரப்பாக உடைத்தால் போதும். மாவாக்கினால் பதினைந்தே நாளில் மணம் ஓடிவிடும். ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் கலக்கவும்.

பெட்டியில் ஒரே ஒரு சேதாரம். 600 ரூபாய் வெள்ளைத் தேயிலையும் நீலகிரித் தைலக் குப்பியும் ஒரே பைக்குள் இறங்கியிருக்கின்றன. குப்பி கசியக்கூட இல்லை, மூடிவழியே வந்த வாசமே போதுமாயிருந்தது. 80 டிகிரி, 5 நிமிடம், எல்லாம் முறைப்படி செய்தும் கோப்பையில் வந்தது ஆவி பிடிக்கும் சட்டியின் வாசம். அந்தப் பொட்டலம் இப்போது மருந்து அலமாரியில், சளி பிடிக்கிறவர்களுக்காகக் காத்திருக்கிறது.